பத்தாம் வகுப்புக் கூட்டாளிகளைத் தேடுகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் 1992-ல் பத்தாம் வகுப்பு முடித்தவள். எங்கள் செட்டின் வாட்ஸ்அப் குரூப்பைப் பார்த்துக்கொள்கிறவர்களில் ஒருத்தி. அக்கம்பக்கத்து ஊர்களில் இப்படி குரூப் ஆரம்பிக்கிறவர்கள் போன் போட்டு ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணங்கள் எல்லாம் எங்கள் ஊர்ப் பக்கத்தவை. தீப்பெட்டி ஆபீஸ் (எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்போம்) என்று நான் சொல்லும் இடத்தில் உங்கள் ஊருக்குத் தறி என்றோ தோட்டம் என்றோ போட்டுக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு, ஐம்பது நெருங்கும்போது ஏன் எல்லோரும் தேடுகிறார்கள்?

முன்பு தேட வழியில்லை, அவ்வளவுதான். எங்கள் காலத்தில் போன் வைத்திருந்த வீடு தெருவுக்கு ஒன்று இருந்தால் அதிகம். பரீட்சை ரிசல்ட்டையே மாலைப் பேப்பரில் நம்பர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். அப்புறம் ஒருத்தியைக் கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்தார்கள், ஒருவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனான், இன்னொருவன் வளைகுடாவுக்கு விமானம் ஏறினான். வாடகை வீடு மாறினால் ஆளே தொலைந்த மாதிரிதான்.

2004-ல் ஆர்குட், பேஸ்புக் இரண்டும் வந்தன. ஆனால் அவை கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கும்தான். எங்கள் கைக்கு இணையம் வந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு. அதே சமயத்தில் பிள்ளைகள் வளர்ந்து வெளியூருக்குப் போய்விட்டார்கள், மாமியாரும் தளர்ந்துவிட்டார், சாயங்காலம் ஒரு மணி நேரம் கையில் மிஞ்சுகிறது. ஞாபகம் பற்றி ஆராய்கிறவர்கள் இன்னொன்றும் சொல்கிறார்கள்: நடுவயதைத் தாண்டியவர்களிடம் பழைய நினைவுகளைக் கேட்டால், சுமார் 10 முதல் 30 வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வருகின்றன. போன வாரம் என்ன சமைத்தேன் என்பது எனக்கு நினைவில்லை. ஆறாம் வகுப்பில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பது தெரியும்.

எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

பேஸ்புக்கில் பெயரைத் தட்டுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. எங்கள் ஊருக்கு அது சுத்தமாக உதவாது. வகுப்புக்கு மூன்று மாரியப்பன், இரண்டு முனியசாமி, நான்கு மாரியம்மாள். காளீஸ்வரி என்று தேடினால் பட்டாசுக் கம்பெனியும் கல்லூரியும் வந்து நிற்கும், தோழி வரமாட்டாள். போதாததற்கு, ஒரே பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு ‘ஏ’ போட்டு எழுதுவார், அடுத்தவர் இரண்டு போடுவார், எண்சோதிடம் பார்த்தவர் மூன்றும் போடுவார். தமிழிலும் ஆங்கிலத்திலும் நாலைந்து விதமாக எழுதித் தேடுங்கள். பெயரோடு ஊர்ப் பெயரையும் பள்ளிப் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

அதைவிட நல்ல வழி குரூப் போட்டோ. பத்தாம் வகுப்பு முடிகிற சமயம் ஸ்டூடியோக்காரர் வந்து, ஆசிரியர்களை நாற்காலியில் உட்கார வைத்து எடுத்து, தடித்த அட்டையில் ஒட்டிக் கொடுத்தாரே, அது. வெளிச்சமான இடத்தில் வைத்து செல்போனில் படம் எடுங்கள். கண்ணாடி மேல் பளபளப்பு விழுந்தால் சட்டத்திலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். தலைக்கு ஒரு எண் போட்டு, தெரிந்த பெயர்களை எழுதி, ஊர்ப் பெயரில் இயங்கும் பேஸ்புக் குழுக்களில் போடுங்கள். “மேல் வரிசையில் இடமிருந்து நாலாவது என் சித்தப்பா” என்று யாராவது ஒரு காலேஜ் பையன் எழுதுவான். தேடும் ஆள் இணையத்தில் இல்லாவிட்டாலும் அவர் பிள்ளைகள் இருப்பார்கள். போட்டோவில் இருப்பவர் யாராவது எடுக்கச் சொன்னால் மறுபேச்சில்லாமல் எடுத்துவிடுங்கள்.

இதுவும் ஓரளவுக்குத்தான். எங்கள் செட்டில் பலரைப் பிடித்துக் கொடுத்தது பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரும், ரேஷன் கடையில் எடை போடுகிறவரும், ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு தையல்காரரும்தான். ஊரை விட்டுப் போகாத ஒரு வகுப்புக்காரர் உங்களுக்குக் கிடைத்தாரா? பாதி வேலை முடிந்தது.

பள்ளியில் சேர்க்கைப் பதிவேடு இருக்கும். ஆனால் அதில் அப்பா பெயர், சாதி, முகவரி, அங்க அடையாளம் என்று எல்லாம் இருப்பதால், படம் எடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் விடமாட்டார். விடக்கூடாது என்பதுதான் என் கருத்தும். பெயர்ப் பட்டியலை மட்டும் சரிபார்த்துச் சொல்லும்படி கேளுங்கள், பெரும்பாலும் உதவுவார்கள்.

பையன்கள் எல்லாம் கிடைத்துவிட்டார்கள். பெண்களை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லையே?

எல்லா குரூப்பிலும் இதே கதைதான். நாற்பது ஆண்கள் இருக்கும் இடத்தில் ஆறு பெண்கள்.

காரணங்கள் சாதாரணமானவை. கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிவிடும், அப்பாவின் முதலெழுத்துப் போய்க் கணவருடையது வரும். பேஸ்புக்கில் இருந்தாலும் முகப்புப் படத்தில் முருகரோ பேரனோ ரோஜாப் பூவோ இருக்கும். சிலருக்குக் கணக்கே கணவர் பெயரில். சிலர் கையில் இருப்பது இன்னும் பட்டன் போன்.

ஆகவே பெண்களைப் பெண்கள்தான் தேட வேண்டும். ஆண் அட்மின் ஒருவர் தெரியாத நம்பரிலிருந்து, “நீங்கள் அந்தக் காளீஸ்வரிதானே?” என்று ராத்திரி ஒன்பது மணிக்கு அனுப்பினால், அந்த வீட்டில் அடுத்த ஒரு வாரம் என்ன நடக்கும் என்பதை அவர் யோசிப்பதில்லை. ஒரு தோழியின் நம்பர் கிடைத்ததும் நான் பகல் பதினொரு மணிக்கு, சமையல் ஓய்ந்த நேரம் பார்த்துக் கூப்பிட்டேன். எடுத்தது அவள் மாமியார். யார், எந்த ஊர், யார் மகள், எத்தனை பிள்ளைகள் என்று விசாரணை முடிந்த பிறகுதான் போன் கைமாறியது. அவள் என் பெயரைக் கேட்டதும் சில நொடி பேசவே இல்லை. அப்புறம், “ஏ புள்ள, எங்க அப்பா செத்தப்போ கூட நீ வரலியே” என்றாள். எனக்குத் தகவலே தெரியாது. தெரிந்திருக்க வழியும் இல்லை. ஆனால் கோபித்துக்கொள்ள ஆள் கிடைத்தது அவளுக்குப் பிடித்திருந்தது என்று குரலிலேயே தெரிந்தது.

அண்ணன், தம்பி வழியாகப் போவது இன்னொரு வழி. பிறந்த வீட்டு ஆட்கள் ஊரிலேயே இருப்பார்கள். உங்கள் நம்பரை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள், தோழி நம்பரைக் கேட்காதீர்கள். வேண்டுமென்றால் அவளே கூப்பிடட்டும்.

பெண்களுக்கென்று தனி குரூப் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பொது குரூப்பில் வாயே திறக்காதவர்கள் அங்கே மாதவிடாய் நின்றது முதல் மருமகள் சண்டை வரை பேசுகிறார்கள்.

முதல் செய்தியில் என்ன எழுதுவது?

நீங்கள் யார், எந்தப் பள்ளி, எந்த வருஷம், எங்கே உட்கார்ந்திருந்தீர்கள், நம்பர் எப்படிக் கிடைத்தது. இந்த ஐந்தும் இருந்தால் போதும். “வணக்கம், நான் இன்னார். 1992-ல் பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவு, ஜன்னலோரம் மூன்றாவது பெஞ்ச். உங்கள் தம்பியிடம் நம்பர் வாங்கினேன். முடியும்போது பேசுங்கள், அவசரமில்லை.” இதற்கு மேல் வேண்டாம். “என்னைத் தெரிகிறதா? கண்டுபிடி பார்க்கலாம்” என்று ஆரம்பிக்கிறவர்களை நானே ப்ளாக் செய்திருக்கிறேன்.

‘இத்தனை வருஷம் கழித்து என்ன நினைப்பார்களோ’ என்று கூச்சப்படுகிறவர்களுக்கு: பீட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஒருவர் தலைமையில் 2022-ல் வெளியான ஆய்வில், சும்மா ஒரு விசாரிப்பு வந்தால் எதிராளி எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதை அனுப்புகிறவர்கள் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று தெரிந்தது. 2024-ல் வந்த இன்னொரு ஆய்வில், பழைய நண்பரின் தொடர்பு எண், எழுத நேரம் இரண்டும் இருந்தும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே செய்தியை அனுப்பினார்கள். நம் ஊரில் மட்டும் கூச்சம் என்றில்லை.

அனுப்பிவிட்டேன், பதில் இல்லை. என்ன அர்த்தம்?

பேஸ்புக் என்றால், நட்பில் இல்லாதவர் அனுப்பும் செய்தி ‘மெசேஜ் ரிக்வெஸ்ட்’ என்ற தனிப் பெட்டிக்குள் போய்விடும். அப்படி ஒரு பெட்டி இருப்பதே பலருக்குத் தெரியாது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தும் பதில் இல்லையென்றால், படித்தார், இப்போதைக்கு வேண்டாம் என்கிறார். சில மாதம் கழித்து ஒரு பொங்கல் வாழ்த்து அனுப்பலாம். அதற்கும் பதிலில்லை என்றால் விட்டுவிடுங்கள். நம்பரை நாலு பேரிடம் கொடுத்து ஆளாளுக்கு மெசேஜ் போடச் சொல்லாதீர்கள்.

வாடா போடாவா, வாங்க போங்கவா?

சிரிக்காதீர்கள், குரூப்பில் முதல் சண்டையே இதில்தான் வரும். பையன்கள் தங்களுக்குள் முதல் நாளே வாடா போடாவுக்குத் திரும்பிவிடுவார்கள். பெண்கள் தங்களுக்குள் வாடி போடி. சிக்கல் ஆணும் பெண்ணும் பேசும்போது. எங்கள் பள்ளியில் பையன்களும் பெண்களும் முகம் பார்த்துப் பேசியதே கிடையாது. நோட்டு வாங்குவதென்றால் கூட மூன்றாம் ஆள் வேண்டும். அப்படியிருக்க, நாற்பத்தைந்து வயதில் ஒருவர் திடீரென்று “எப்படி இருக்க?” என்று ஒருமையில் கேட்டால், சிலருக்கு அது உரிமை, சிலருக்கு அத்துமீறல். ‘வாங்க’வில் ஆரம்பியுங்கள், எதிர்ப்பக்கம் இறங்கி வந்தால் நீங்களும் இறங்குங்கள். போலீஸில் பெரிய பொறுப்பில் இருக்கும் ஒருவரை எல்லோரும் ‘சார்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரே, “பட்டப்பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கப்பா” என்று குரூப்பில் எழுதிய பிறகுதான் ஓய்ந்தது.

பட்டப்பெயரில் ஒரு எச்சரிக்கை. நிறத்தையோ, காலையோ, குடும்பத் தொழிலையோ வைத்து வந்த பெயர் அப்போதும் வலித்தது, இப்போதும் வலிக்கும்.

பாதியில் படிப்பை நிறுத்தியவர்களையும் சேர்க்க வேண்டுமா? “பத்தாவது பேட்ச்” என்றுதானே பெயர் வைத்திருக்கிறோம்?

பெயரை மாற்றுங்கள். எங்கள் குரூப்பும் அந்தப் பெயரில்தான் ஆரம்பித்தது. இப்போது பெயர், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷத்தில் இருக்கிறது.

எங்களோடு ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் கணிசமானவர்கள் பத்தாம் வகுப்பு குரூப் போட்டோவில் இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சிவகாசி, சாத்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கு விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வரும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய் இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். கட்டையில் தீக்குச்சி அடுக்குவதற்குச் சின்ன விரல்கள் வேகமாக ஓடும் என்பார்கள். நாலாம் வகுப்பில் ஒருத்தி, ஆறாம் வகுப்பில் இருவர் என்று பெஞ்சில் இடம் காலியாகிக்கொண்டே வரும். வாத்தியார் சில நாள் பெயர் கூப்பிடுவார், அப்புறம் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை அடித்துவிடுவார். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் வீட்டில் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு அதில் விலக்கு இருந்தது, பெட்டி ஒட்டுவது வீட்டிலேயே நடந்தது. சிவகாசிப் பிள்ளைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், பிள்ளைகளை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று 1996-ல் சொன்னது. அதற்குள் எங்கள் செட்டுக்குக் கல்யாணமே ஆக ஆரம்பித்துவிட்டது.

வாட்ஸ்அப் என்ன செய்கிறது? ஸ்மார்ட்போன் உள்ளவர்களை, அதாவது ஏதோ ஒரு வகையில் கரையேறியவர்களைத்தான் முதலில் சேர்த்துக் கொடுக்கிறது. அவர்கள் தங்களுக்குள் பேசி, “நம்ம செட் முழுக்க வந்தாச்சு” என்று சொல்லிக்கொள்வார்கள். முழுக்க வரவில்லை. வராதவர்களுக்கு நீங்கள் நேரில்தான் போக வேண்டும்.

போனால் என்ன ஆகும்? சிலர் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுப்பார்கள். சிலர், “நான் என்ன படிச்சேன், அங்க வந்து என்ன பேச?” என்பார்கள். ஒரு தோழி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த வேலையை நிறுத்தவே இல்லை. பேசிக்கொண்டே பெட்டி ஒட்டினாள், முகம் கொடுக்கவில்லை. கிளம்பும்போது மட்டும், “அந்தக் கணக்கு டீச்சர் இருக்காங்களா?” என்று கேட்டாள். டீச்சரிடம் அதைச் சொன்னபோது, அவர் அவளுடைய அப்பா பெயரோடு நினைவு வைத்திருந்தார். அதைப் போய் மறுபடி சொன்னேன். ஒன்றுகூடலுக்கு வந்தாள். குரூப்பில் இன்னும் இல்லை, பட்டன் போன்தான். செய்தி இருந்தால் பக்கத்து வீட்டு நம்பருக்குச் சொல்லிவிடுவோம்.

இவர்களைச் சேர்த்தால் குரூப்பின் பேச்சும் மாறும். காரையும் பிளாட்டையும் படம் போடுவது தானாகக் குறையும். எழுதப் படிக்கத் தயங்குகிறவர்கள் இருப்பதால் குரல் பதிவாகப் பேசுங்கள்.

குரூப்பில் என்ன விதி வைப்பது?

எண்ணிக்கை ஒரு பிரச்சினை இல்லை, வாட்ஸ்அப் குரூப்பில் 1,024 பேர் வரை சேரலாம். யாரையும் கேட்காமல் சேர்க்காதீர்கள். அட்மின் மூன்று பேராவது இருக்கட்டும், அதில் ஒருவர் பெண், ஒருவர் உள்ளூர்க்காரர்.

குட்மார்னிங் படங்களை நான் தடை செய்வதில்லை. தனியாக இருக்கும் ஒருவர் தினமும் ஆறு மணிக்கு அனுப்பும் பிள்ளையார் படம் ஒருநாள் வராவிட்டால் போன் போட்டுப் பார்க்கிறோம், அந்த வகையில் அது உபயோகமானது. கட்சி அரசியல் தேர்தல் சமயத்தில் குரூப்பை உடைக்கும். அந்த வாரங்களில் ‘அட்மின் மட்டும் எழுதலாம்’ என்று மாற்றி வையுங்கள்.

சாதிதான் பெரிய விஷயம், யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. “நீங்க எந்தத் தெரு?” என்று கேட்பார்கள். எங்கள் ஊர்களில் தெருவைச் சொன்னால் எல்லாம் சொன்ன மாதிரி. தொண்ணூறுகளின் நடுவில் தென்மாவட்டங்களில் நடந்த சாதிக் கலவரங்களைப் பார்த்த வயது எங்களுடையது. அப்போது பேச்சை நிறுத்திக்கொண்ட வகுப்புத் தோழர்கள் இருக்கிறார்கள். ஆளை உறுதி செய்ய வேண்டுமானால் எந்த பெஞ்ச், எந்த டீச்சர் என்று கேளுங்கள். சாதிச் சங்க வாழ்த்து, தலைவர் குருபூஜை படம் போன்றவற்றை அட்மின் எல்லோருக்குமாக அழித்துவிடலாம், அந்த வசதி வாட்ஸ்அப்பில் இருக்கிறது. யாருடையதாக இருந்தாலும் அழியுங்கள். ஒருவருடையதை விட்டுவைத்தால் தீர்ந்தது.

வீட்டுக்காரர் சந்தேகப்படுகிறார். அல்லது, பழைய பிரியம் ஒன்று இருந்தது. என்ன செய்வது?

முதலாவதற்கு: போனை மறைக்காதீர்கள். குரூப்பை வீட்டில் காட்டுங்கள், ஒன்றுகூடலுக்குக் கணவரையும் கூட்டி வாருங்கள். காலை முழுக்க ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கணவர் ஒருவர், சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தோழியின் கணவரோடு விதை வெங்காயம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், இப்போது அவர்கள் இருவரும்தான் நெருக்கம். அதற்கு மேல், கணவர் மட்டும் தன் செட் குரூப்பில் அரட்டை அடித்துக்கொண்டு உங்களை மட்டும் தடுக்கிறார் என்றால், அதற்கு விடை இந்தப் பக்கத்தில் இல்லை.

இரண்டாவதற்கு: பதினைந்து வயதில் ஒரு பார்வை இருந்தது என்பது யாருக்கும் கேடில்லை. அதை ஐம்பது பேர் நடுவில் கிண்டலாக எடுத்துவிடுகிறவர்கள்தான் கேடு. ‘அவளுக்கும் இவனுக்கும்’ என்று எழுதுகிறவரை அட்மின் உடனே தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். மற்றபடி, ராத்திரி பதினொரு மணிக்கு இருவர் மட்டும் பேசும் பேச்சு எங்கே போகும் என்று இந்த வயதில் யாருக்கும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

பழைய கூட்டாளி பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

முதலில், கேட்பது அவர்தானா? வகுப்புத் தோழரின் பெயரையும் படத்தையும் வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி, “ஆஸ்பத்திரியில் இருக்கிறேன், உடனே ஜிபே போடு” என்று கேட்பது நன்றாக நடக்கிறது. எழுத்தில் கேட்டால் போனில் கூப்பிடுங்கள். குரலும் நம்பிக்கையாக இல்லையென்றால், ஏழாம் வகுப்பு அறிவியல் வாத்தியாருக்கு என்ன பட்டப்பெயர் என்று கேளுங்கள், திருடனுக்குத் தெரியாது. “உனக்கு ஆறு இலக்க எண் ஒன்று வந்திருக்கும், அனுப்பு” என்று குரூப்காரர் யாராவது கேட்டால் அவர் வாட்ஸ்அப்பே களவு போயிருக்கிறது, எண்ணை அனுப்பினால் உங்களுடையதும் போகும். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், இணைய மோசடிப் புகாருக்கான எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

கேட்பது நிஜமாகவே அவர்தான் என்றால், திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் தொகையைக் கொடுங்கள், குரூப்பில் சொல்லாதீர்கள். வைத்தியச் செலவு என்றால் வசூலுக்கு முன் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் திட்டம் அது, அட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கடன் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆம்வே மாதிரி சங்கிலி வியாபாரம், சீட்டு, இன்சூரன்ஸ், மனை விற்பனை எல்லாம் குரூப்பில் கிடையாது என்று முதல் நாளே எழுதிப் போடுங்கள்.

ஒன்றுகூடல் எப்போது, எப்படி வைப்பது?

தேதிதான் யார் வருவார்கள் என்பதை முடிவு செய்கிறது. வெளிநாட்டுக்காரர் லீவைப் பார்த்து வேலை நாளில் வைத்தால், தினக்கூலிக்காரருக்கு ஒருநாள் சம்பளம் போகும். ஞாயிறு வையுங்கள். எங்கள் பக்கத்தில் தீபாவளி முடிந்த கையோடு பட்டாசு ஆபீஸ்கள் சில வாரம் மூடியிருக்கும், அது நல்ல சமயம். மழைக்காலம் என்பதால் திறந்த மைதானம் வேண்டாம். ஊருக்கு எல்லோரும் வருகிறார்களே என்று இருக்கன்குடி மாரியம்மன் கோயில் ஆடிக் கடைசி வெள்ளியை ஒட்டி வைக்காதீர்கள். பஸ்ஸில் நிற்க இடமிருக்காது, அவரவருக்கு நேர்த்திக்கடன் இருக்கும்.

ஆளுக்கு இவ்வளவு ரூபாய் என்று குரூப்பில் அறிவித்தால், அந்த நிமிஷமே சிலர் ‘வீட்டில் விசேஷம், வர முடியாது’ என்று எழுதிவிடுவார்கள். எங்கள் முறை: மொத்தச் செலவை மட்டும் சொல்வது, முடிந்ததை ஒருவர் கணக்கில் போடச் சொல்வது, யார் எவ்வளவு என்ற பட்டியலை வெளியிடாமல் செலவுக் கணக்கை மட்டும் வெளியிடுவது. துண்டு விழுந்ததில்லை. ஒரே நிற டி-ஷர்ட், சேலை எல்லாம் வீண். அந்தக் காசில் பழைய குரூப் போட்டோவைப் பிரிண்ட் போடுங்கள். போட்டோவில் நின்ற எல்லோரும் அன்றைக்குப் பிரதி வாங்கவில்லை, காசு கொடுக்க முடிந்தவர்கள்தான் வாங்கினார்கள். வரிசையில் தன்னைத் தேடி விரல் வைத்துவிட்டு, “இது எங்கிட்ட கிடையாதுப்பா” என்று வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டவர்களை நான் பார்த்தேன்.

ஆசிரியர்களுக்கு எழுபது, எண்பது வயது இருக்கும். கார் அனுப்புங்கள், காலையிலேயே பேச வைத்துச் சாப்பாட்டோடு வீட்டில் விட்டுவிடுங்கள். பொன்னாடை ஒன்று போதும், நாற்பது பேர் நாற்பது பொன்னாடை போர்த்தினால் வெயிலில் அந்தப் பெரியவர் என்ன ஆவார்? அடித்த வாத்தியார் காலில் எல்லோரும் விழ வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தாதீர்கள். ‘அந்த அடியால்தான் நான் நல்லா இருக்கேன்’ என்று மைக்கில் சொல்கிறவர் இருப்பார், அதே அடியால் பள்ளியை விட்டு நின்றவர் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்.

மைக் இருந்தால் ஆளுக்கு இரண்டு நிமிஷம். ‘என்ன வேலை, எத்தனை வீடு’ என்று சொல்லச் சொல்லாதீர்கள். பள்ளியில் மாட்டிக்கொண்ட ஒரு சம்பவத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அதில் கலெக்டரும் கொத்தனாரும் ஒன்றுதான். மதியச் சாப்பாடு வாழையிலையில், வெளியூர்க்காரர்களுக்குக் கிளம்பும்போது ஒரு பொட்டலம் காராச்சேவு.

பள்ளிக்கு ஏதாவது செய்ய நினைக்கிறோம்.

பெயர் பொறித்த பீரோ வாங்குமுன் தலைமையாசிரியரிடம் என்ன தேவை என்று கேளுங்கள். பெரும்பாலும் கழிப்பறைக்குத் தண்ணீர் என்பார். அரசுப் பள்ளி என்றால், 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் வழியாகப் பணம் கொடுக்கலாம்.

இறந்தவர்களைப் பற்றி எப்படிச் சொல்வது?

தேட ஆரம்பித்தால் இந்தச் செய்திகளும் வரும், அதற்குத் தயாராக இருங்கள். குரூப்பில் ஒற்றை வரியாகப் போடாமல், நெருங்கிப் பழகியவருக்கு முதலில் போனில் சொல்லுங்கள். எப்படி இறந்தார் என்று தோண்டாதீர்கள். குடி, தற்கொலை, வெடி விபத்து என்று எங்கள் பட்டியலில் எல்லாம் உண்டு. இன்றைக்கும் ஆலை விபத்துச் செய்தி டி.வி.யில் ஓடினால், குரூப்பில் வரும் முதல் கேள்வி நம்ம ஆட்கள் யாராவது அங்கே வேலைக்குப் போயிருந்தார்களா என்பதுதான்.

அவர்கள் வீட்டுக்குத் தகவல் சொல்லி ஒன்றுகூடலுக்கு அழையுங்கள். ஒருவருடைய மகள் வந்திருந்தாள், அப்பா இறக்கும்போது அவளுக்கு மூன்று வயது. அவளைச் சுற்றி எட்டு பேர் உட்கார்ந்துகொண்டு, அவர் மரத்திலிருந்து விழுந்தது, சத்துணவில் முட்டை கூடுதலாக வாங்கியது, கபடியில் பல் போனது என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவள் எல்லாவற்றையும் செல்போனில் பதிவு செய்துகொண்டாள்.

எனக்குப் பள்ளி நாட்கள் நல்ல ஞாபகம் இல்லை. கேலி, அடி, ஒதுக்கல். சேர்ந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். ‘சின்ன வயசு, அதெல்லாம் மறந்துடு’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கேலி செய்த பக்கம் இருந்தவர்கள். உங்களுக்குப் பிடித்த ஓரிருவரை மட்டும் தனியாகத் தொடர்பு கொண்டால் போதும்.

அட்மின்களுக்கு: யாராவது பழைய காயத்தைச் சொன்னால் சிரிப்பு எமோஜி போட விடாதீர்கள். எங்கள் குரூப்பில் ஒருவர், எட்டாம் வகுப்பில் இன்னொருவரைத் திருடன் என்று மாட்டிவிட்டதற்காக அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டார். மற்றவர் பதில் எழுதவில்லை. மறுநாள் பேச்சு வேறு எதற்கோ போய்விட்டது. அவர் எழுதியே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தவில்லை, அதுதான் சரி.

விழா முடிந்ததும் குரூப் அடங்கிவிட்டது. ஏதாவது செய்ய வேண்டுமா?

ஒன்றும் செய்ய வேண்டாம், எல்லா குரூப்பும் அடங்கும். ஐம்பது பேர் தினமும் பேசிக்கொண்டே இருந்தால்தான் பயப்பட வேண்டும். பேச்சு இரண்டு பேர், மூன்று பேர் என்று போனுக்குப் போயிருக்கும். மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் குரூப் மறுபடி விழித்துக்கொள்ளும்.

விலக நினைக்கிறவர்கள் தாராளமாக விலகலாம். முன்பு போல ‘இன்னார் வெளியேறினார்’ என்று எல்லோருக்கும் போகாது, 2022 முதல் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு வரும். போகுமுன் வகுப்பில் ஒருவருக்காவது போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். நம்பரை மாற்றினால் அதையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்.